தாளுக்கு ஒரு குண்டு, பன்றிக்கு ஒரு குண்டு

எங்கள் தோப்பு கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடலாம். சித்தூர் தாலுகாவின் இந்த மூலையில் வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், பஞ்சாயத்தில் இருந்து வரும் நோட்டீஸ் மலையாளம். நிலக்கடலை போட்டாலும் மரவள்ளி போட்டாலும் ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து நம்மைவிட முன்னால் அறுவடை செய்துவிடும். அதனால்தான் என்னிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு துப்பாக்கி உரிமம் இருக்கிறது, பஞ்சாயத்துப் பட்டியலில் பெயரும் இருக்கிறது.

அக்கா மகன் பாலக்காட்டில் கல்லூரிக்குப் போகிறான். போன வருஷம் ரைபிள் கிளப்பில் சேர்ந்து பாயிண்ட் 22 என்ற சிறிய ரைபிளில் பழகிக்கொண்டிருக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் என் தோட்டாப் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏனுங் மாமா, இருக்கறதுலயே துல்லியமான தோட்டா மேட்ச் தோட்டாதானுங்களே? விலையும் அதுதான் ஜாஸ்தி. அப்புறம் பன்னிக்கு மட்டும் எதுக்கு இந்த மொண்ணை மூக்கு?"

கேள்வி நியாயமானது. துப்பாக்கியைப் புதிதாகத் தொடுகிற எல்லாரும் இதைக் கேட்பார்கள். துல்லியமாகப் போகிறதுதானே நல்ல குண்டு, போட்டிக்கென்று செய்ததுதானே இருப்பதிலேயே துல்லியம், அப்படியானால் அதுதானே எல்லாவற்றுக்கும் நல்லது? கேட்கும்போது சரியாகத்தான் படும். எங்கே பிசகுகிறது என்று பார்க்கலாம்.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்போது இருக்கிறபடி, இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. கேரளத்தில் 2022 மே மாதம் அமைச்சரவை எடுத்த முடிவின்படி, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வந்தது. பட்டியலில் உள்ள, உரிமம் பெற்ற ஆள், அந்த உத்தரவின் பேரில் மட்டும் சுடலாம். விஷம், கரண்ட் கம்பி, வெடி எதற்கும் அனுமதி இல்லை. செத்த பன்றியைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், குழம்பு வைக்க முடியாது. இந்தக் கட்டுரையில் 'வேட்டைக் குண்டு' என்று நான் சொல்வதெல்லாம் நம் ஊரைப் பொறுத்தவரை இந்த ஒரு வேலைக்குத்தான். வெளிநாடுகளில் மான் வேட்டை சட்டப்படி நடக்கிற இடங்களில்தான் இந்த விஷயத்தில் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது, ஆகவே உதாரணங்கள் அங்கிருந்தும் வரும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் பேச்சில் தோட்டா, குண்டு இரண்டையும் கலந்து சொல்கிறோம். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளை உறை, அதன் அடியில் தட்டினால் பொறி பறக்கிற மருந்து, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டபின் பித்தளை நம் காலடியில் விழும், குண்டு மட்டும் பறக்கும். நாம் இங்கே பேசுவது பறக்கிற பகுதியைப் பற்றி.

குண்டின் எடையை கிரெயின் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெயின் என்று வைத்துக்கொள்ளலாம். நமக்குப் பவுன் கணக்கு சுலபம். மருமகன் சுடுகிற பாயிண்ட் 22 குண்டு 40 கிரெயின், அதாவது பவுனில் மூன்றில் ஒரு பங்கு. உலகமெங்கும் போட்டிக்குப் புகழ்பெற்ற 168 கிரெயின் குண்டு ஒன்றேகால் பவுனுக்குச் சற்று மேலே. என்னுடைய 315 போர் (போர் என்றால் குழல் துவாரத்தின் அளவு) ரைபிளின் 244 கிரெயின் குண்டு ஏறக்குறைய இரண்டு பவுன்.

இனி இலக்குக் குண்டு. தாள் இலக்கைச் சுடுகிறவருக்குக் குண்டிடம் ஒரே ஒரு எதிர்பார்ப்புதான்: போன தடவை போன இடத்துக்கே இந்தத் தடவையும் போக வேண்டும். தாளில் பட்டபின் அது மண்மேட்டில் புதைந்தாலும் சரி, சிதறினாலும் சரி, யாருக்கும் கவலையில்லை.

இந்த ஒரு எதிர்பார்ப்புக்காக எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதற்குப் பத்து மீட்டர் ஏர் ரைபிளைப் பாருங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இந்தப் பிரிவில்தான். நடுவில் இருக்கும் பத்து மார்க் புள்ளி அரை மில்லிமீட்டர். அதற்குச் சுடும் ஈய பெல்லட்டின் தலை கூராக இருக்காது, தட்டையாக இருக்கும். எதற்கு? காகிதத்தைக் கிழிக்காமல், அலுவலகத்தில் பேப்பருக்குத் துளை போடும் கருவி மாதிரி வட்டமாக வெட்டினால்தான் மார்க் போட வசதி. குண்டின் வடிவத்தைக் காகிதம் முடிவு செய்திருக்கிறது. பாயிண்ட் 22 போட்டித் தோட்டாவும் இப்படித்தான். அதை வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே, வினாடிக்கு 320, 330 மீட்டர் போலப் போகும்படி செய்வார்கள். ஒலியின் வேகத்தை நடுவழியில் கடக்கும் குண்டு அந்த இடத்தில் லேசாகத் தடுமாறும், அதைத் தவிர்க்கத்தான்.

பெரிய ரைபிளுக்கு வந்தால் வேகம் வினாடிக்கு 800 மீட்டர் அளவுக்குப் போகிறது. அந்த வேகத்தில் வெறும் ஈயம் குழலுக்குள் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ஈயத்துக்குச் செம்புக் கலவையில் ஒரு மேலுறை. ஆங்கிலத்தில் இதை ஜாக்கெட் என்கிறார்கள். நம் ஊரில் ஜாக்கெட் என்றால் தையல்காரர் நினைவுதான் வரும், ஆகவே நான் செம்புச் சட்டை என்றே சொல்கிறேன்.

சட்டையை எந்தப் பக்கமிருந்து போடுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். ராணுவக் குண்டுக்குத் தலைவழியாகப் போட்டிருப்பார்கள். மூக்கு முழுக்க மூடியிருக்கும், அடிப்பக்கம் ஈயம் தெரியும். போட்டிக் குண்டுக்குத் தலைகீழ். அடிப்பக்கம் மூடிய ஒரு செம்புக் கிண்ணத்தில் ஈயத்தை அமுக்கி, மேல்வாயைக் குவித்துக் கூராக்குவார்கள். குவியும் இடத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை மிஞ்சும். இந்தச் சிரமம் எல்லாம் அடிப்பக்கத்துக்காக. பம்பரம் விட்டவர்களுக்கு இது புரியும். ஆணி மயிரிழை கோணலாக இருந்தாலும் பம்பரம் தள்ளாடும். குழலுக்குள் திருகாணி மரை போல வெட்டிய வரிகள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. அது குழலை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னால் இருந்து புகை அழுத்தித் தள்ளுகிறது. அடிப்பக்கம் ஒரு ஓரம் நெளிந்திருந்தால் அந்தத் தள்ளல் கோணலாகிவிடும், குண்டு ஆடிக்கொண்டே போகும். மூக்கு கொஞ்சம் நசுங்கினால் அவ்வளவு கெடுதல் இல்லை. புதியவர்கள் நினைப்பதற்கு நேர் எதிர் இது.

அந்த மூக்கு ஓட்டை, செய்முறையில் மிஞ்சிய ஒன்றுதான். அதைப் பார்த்து "ஓட்டை இருக்கிறது, அப்படியானால் உடலில் பட்டதும் விரியும்" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். விரிவதற்கென்று செய்யும் ஓட்டை வேறு, அது அகலமாக, சட்டையில் வெட்டுக் குறிகளோடு இருக்கும். 168 கிரெயின் மேட்ச்கிங் என்ற போட்டிக் குண்டைச் செய்கிற சியரா நிறுவனமே அந்த வரிசையை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை என்று சொல்கிறது. உடலில் பட்டால் அந்தக் குண்டு என்ன செய்யும்? சில சமயம் பென்சில் கனத்தில் ஒரு துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். சில சமயம் மூக்கு வளைந்து உள்ளே பாதை மாறும். சில சமயம் எலும்பில் பட்டுத் தூள்தூளாகும். மூன்றில் எது நடக்கும் என்று செய்தவருக்கே உறுதியில்லை. காற்றில் அவ்வளவு ஒழுங்காக வந்த குண்டு, தோலுக்குள் நுழைந்ததும் ஒழுங்கை விட்டுவிடுகிறது. தோலுக்குப் பின்னால் நடப்பதை யாரும் அதனிடம் கேட்கவே இல்லை, அதுதான் காரணம்.

வேட்டைக் குண்டின் வேலையோ அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மிருகத்தைச் சுட்டே ஆக வேண்டும் என்றால் அது சீக்கிரம், வலி நீளாமல் சாக வேண்டும். அதற்குக் குண்டு இதயம், நுரையீரல் இருக்கும் பகுதியை எட்ட வேண்டும், எட்டிய இடத்தில் அகலமான காயம் உண்டாக்க வேண்டும். ஆழமும் வேண்டும், அகலமும் வேண்டும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. விரிந்த குண்டு வேகமாக நின்றுவிடும், குடை விரித்துக்கொண்டு எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கிற மாதிரி. விரியாத குண்டு ஆழமாகப் போகும், ஆனால் வழியில் ஒன்றும் செய்யாது. வேட்டைக் குண்டு செய்கிறவர்களின் நூறு வருடப் பாடும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் தேடுவதுதான்.

எளிய வழி, மூக்கில் செம்புச் சட்டையை விட்டுவிட்டு ஈயத்தை வெளியே தெரியவிடுவது. இதுதான் சாஃப்ட் நோஸ். மருமகன் மொண்ணை மூக்கு என்று இளக்காரம் செய்தது இதைத்தான். மெத்தென்ற ஈயம் உடலில் பட்டதும் பின்னுக்கு மடங்கிக் காளான் குடை போல விரியும். பென்சில் கனத்தில் நுழைந்தது ஆள்காட்டி விரல் கனத்துக்கு ஆகிவிடும். ஆனால் விரிய ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். பல சாஃப்ட் நோஸ் குண்டுகளுக்கு அது வினாடிக்கு 550, 600 மீட்டர் என்பார்கள். குண்டுக்குக் குண்டு இது மாறும். ரொம்ப தூரத்தில் வேகம் இறங்கிவிட்டால் சாஃப்ட் நோஸும் விரியாத குண்டாகத்தான் நடந்துகொள்ளும்.

இந்த மூக்குக்கு இந்தியாவோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1895-இல், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் சித்ரால் மீது நடந்த படையெடுப்பில் பிரிட்டிஷ் படை 303 ரைபிளைப் பயன்படுத்தியது. முழுக்க மூடிய அந்தக் குண்டு ஆளைத் துளைத்துப் போனாலும் எதிரி ஓடி வந்துகொண்டே இருக்கிறான் என்று சிப்பாய்கள் புகார் சொன்னார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் இருந்த கேப்டன் பெர்ட்டி கிளே மூக்குச் சட்டையைக் கொஞ்சம் திறந்துவிட்டார். டம்டம் தோட்டா என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அது உண்டாக்கிய காயம் அவ்வளவு கோரமாக இருந்ததால், 1899-இல் ஹேக் மாநாட்டில் போரில் விரியும் குண்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிக்கை போட்டார்கள். மனிதனுக்குக் கூடாது என்று சொன்னதையே மிருகத்துக்குக் கட்டாயமாக்கிய சட்டங்களும் இருக்கின்றன. இங்கிலாந்தில் மான் சுட, மூக்கு மெத்தென்றோ குழிவாகவோ உள்ள குண்டுதான் வேண்டும் என்பது சட்டம். கேட்க முரணாக இருக்கும். போரில் காயம்பட்ட சிப்பாயைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்க வைக்க ஆஸ்பத்திரி இருக்கிறது, காயம்பட்ட மானுக்கு இருப்பது ஒரு புதரும் மூன்று நாள் வேதனையும்.

சாஃப்ட் நோஸுக்கும் ஒரு குறை உண்டு. பெரிய மிருகத்தின் தோள் எலும்பில் வேகமாகப் பட்டால், மேலேயே பிய்ந்து, உள்ளே போகாமல் நின்றுவிடலாம். 1946-இல் கனடாவில் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கருக்கு ஒரு மூஸ் மானிடம் இது நடந்தது. மேலெல்லாம் சேறு காய்ந்திருந்த பெரிய மிருகம், குண்டுகள் ஆழமாகப் போகவில்லை. ஊருக்குத் திரும்பியவர் குண்டுக்கு நடுவில் செம்பால் ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன் அறை ஈயம் விரியும், தடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஈயம் கட்டியாக நின்று தள்ளிக்கொண்டு உள்ளே போகும். பார்ட்டிஷன் என்று பெயர் வைத்தார், 1948-இல் விற்பனைக்கு வந்தது, இன்னும் விற்கிறது. பின்னால் ஈயத்தையும் செம்பையும் பிரியாமல் ஒட்டவைத்த வகை வந்தது. அதற்கும் பின்னால் ஈயமே இல்லாமல் முழுச் செம்பில் செய்து, மூக்கில் குழி வைத்து, பூவிதழ் மாதிரி நாலு பக்கமும் மடங்கும் வகை வந்தது. செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளக் குண்டைச் சீராகச் சுழற்றக் குழலின் மரை நெருக்கமாக இருக்க வேண்டும், பழைய ரைபிள் எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. இறைச்சியில் ஈயத்தூள் கலக்கும், பிணம் தின்னும் பறவைகளுக்கு விஷமாகும் என்பதால் கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

சரி, மருமகனின் துல்லியக் கணக்குக்கு வருவோம். இங்கேதான் நான் அவனிடம் அதிக நேரம் பேசினேன்.

துல்லியத்தைக் கோண அளவில் சொல்வார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, நூறு மீட்டரில் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். நல்ல மேட்ச் தோட்டாவும் நல்ல ரைபிளும் சேர்ந்தால் நூறு மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் ஐந்து குண்டையும் போட்டுவிடும். சாதாரண சாஃப்ட் நோஸ் ஆறு சென்டிமீட்டரில் போடும் என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு மடங்கு மோசம். போட்டியில் இது வெற்றிக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது தோப்புக்கு வாருங்கள். ராத்திரி, டார்ச் வெளிச்சம், பன்றி முப்பது நாற்பது மீட்டரில் நிற்கிறது. அதற்கு மேலே தென்னை வரிசையில் பார்வையே போகாது. அந்தத் தூரத்தில் அந்த ஆறு சென்டிமீட்டர் இரண்டரையாகச் சுருங்கிவிடும். பன்றியின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி நார் உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரியது. தேங்காய்க்குள் விழ வேண்டிய குண்டு எலுமிச்சம்பழ அகலத்தில் விழுந்தால் என்ன, சுண்டைக்காய் அகலத்தில் விழுந்தால் என்ன? மேட்ச் தோட்டா கூடுதலாகத் தருகிற துல்லியம் முழுக்க அந்தத் தேங்காய்க்கு உள்ளேயே கரைந்துபோகிறது. பன்றி தலையைத் திருப்பும், நம் மூச்சு ஏறியிருக்கும், கை கொஞ்சம் ஆடும். தவறு அங்கேயிருந்துதான் வரும், குண்டிலிருந்து அல்ல.

மாறாக, விரியாத குண்டைப் போட்டால் நஷ்டம் பெரிது. முதிர்ந்த ஆண் பன்றிக்குத் தோளில் கேடயம் மாதிரி தடித்த, கெட்டியான தோல் இருக்கும். ஆண்கள் ஒன்றையொன்று தந்தத்தால் குத்திச் சண்டை போடுவதற்காக இயற்கை கொடுத்தது. அதற்குள் புகுந்து விரிய வேண்டும். பென்சில் துளையோடு தப்பிய பன்றி ஓடும். வெளியே ரத்தம்கூட அதிகம் சொட்டாது, கொழுப்பும் ரோமமும் அடைத்துக்கொள்ளும். விடியும்வரை மரவள்ளிக் காட்டில் அதைத் தேடிப் போகிற அனுபவம் யாருக்கும் வேண்டாம். காயம்பட்ட பன்றி மனிதனைப் பார்த்தால் விலகிப் போகாது.

பாயிண்ட் 22 பற்றியும் அவன் கேட்டான். அது வெறும் ஈயம்தானே, மெத்தென்று விரியாதா என்று. அந்த வேகத்தில் விரியாது, எடையும் போதாது. பன்றிக்குப் பாயிண்ட் 22 என்பது கொடுமை, அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை.

இன்னொரு கணக்கு உண்டு, நம் ஊருக்கு அதுதான் முக்கியம். விரியாத குண்டு பன்றியோடு நிற்பதில்லை. எங்கள் பக்கம் தோப்புக்கு நடுவே வீடு, வீட்டுக்குப் பின்னால் தோப்பு. விடிகாலையில் பால் கறக்கப் போகிறவர், தண்ணீர் திருப்பிவிடப் போகிறவர் யாராவது இருந்துகொண்டேதான் இருப்பார்கள். பாயிண்ட் 22 குண்டே ஒன்றரைக் கிலோமீட்டர் போகக்கூடியது. பெரிய ரைபிள் குண்டு அதைவிட இரண்டு மூன்று மடங்கு. விரிகிற குண்டு தன் வேகத்தை உடலுக்குள்ளேயே செலவழித்துவிடும், வெளியே வந்தாலும் களைத்துத்தான் வரும். அப்படியும் நான் சமதரையில் நேராகச் சுடுவதில்லை. மேட்டில் இருந்து கீழ்நோக்கி, பின்னால் மண்வரப்போ கரையோ இருந்தால்தான் விசையில் விரல் போகும். பாறை இருந்தால் அதுவும் இல்லை, குண்டு தெறித்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. உத்தரவு கையில் இருந்தும் சுடாமல் வந்த ராத்திரிகள்தான் எனக்கு அதிகம்.

கடையில் பெட்டியைப் பார்த்து எது எது என்று கண்டுபிடிப்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. முன்பு பார்த்தாலே தெரியும்: ஊசி ஓட்டை என்றால் போட்டிக்கு, ஈய மூக்கு என்றால் வேட்டைக்கு. இப்போது மூக்கில் பிளாஸ்டிக் முனை வைக்கிறார்கள். காற்றைக் கிழிக்க அது உதவும், வேட்டைக் குண்டில் உடலில் பட்டதும் ஆப்பு மாதிரி உள்ளே போய்க் குண்டைப் பிளக்கவும் உதவும். ஹார்னடி நிறுவனத்தின் இரண்டு குண்டுகளுக்கும் சிவப்பு முனைதான், ஒன்று போட்டிக்கு, மற்றது வேட்டைக்கு. பெயரில் கடைசி எழுத்து மட்டும் மாறும். முனையைப் பார்த்து வாங்காதீர்கள், பெட்டியில் எழுதியதைப் படியுங்கள். மேட்ச், டார்கெட் என்று இருந்தால் தாளுக்கு. ஹன்டிங், சாஃப்ட் பாயிண்ட், எக்ஸ்பாண்டிங் என்று இருந்தால் விரிவதற்கு.

இதை வாசிக்கும் அனுபவசாலி ஒருவர் "போட்டிக் குண்டுக்குப் பேர்போன பர்கர் நிறுவனத்தின் குண்டால் மான் சுடுகிறார்களே?" என்று கேட்கக்கூடும். உண்மைதான். அந்த நிறுவனம் ஒரே வடிவத்தில் இரண்டு வகை செய்கிறது. போட்டி வகைக்குச் சட்டை கனம், நீண்ட குழலின் உராய்வைத் தாங்க. வேட்டை வகைக்குச் சட்டை மெலிசு, சில அங்குலம் உள்ளே போனதும் சிதறும்படி. தொலைதூர வேட்டைக்காரர்கள் அதை விரும்புகிறார்கள். எனக்கு அந்தச் சிதறல் பிடிப்பதில்லை, அதுவும் தோளில் கேடயம் வைத்திருக்கும் மிருகத்துக்கு. ஆனால் அங்கேயும் செய்தவர்களே இரண்டையும் தனித்தனிப் பெட்டியில்தான் போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இவ்வளவு வகை சொன்னேனே தவிர, நமக்கு இங்கே கிடைப்பது கொஞ்சம்தான். ராணுவம் பயன்படுத்தும் அளவுகளைப் பொதுமக்களுக்குக் கொடுப்பதில்லை என்ற பழைய வழக்கத்தால் பிறந்ததுதான் நம் 315 போர். ரைபிள் இச்சாப்பூரில் செய்தது, தோட்டா பூனாவுக்குப் பக்கத்தில் கட்கியில் செய்தது, சாஃப்ட் நோஸ். வேகம் குறைவு, எடை அதிகம். நவீன வேட்டைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் தோப்புத் தூரத்துக்கு மெதுவாகப் போகும் இரண்டு பவுன் ஈயம் தன் வேலையைச் செய்துவிடும். பட்டியலில் இருக்கும் பாதிப் பேர் கையில் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல்தான், அதற்கு எல்.ஜி., எஸ்.ஜி. என்று பெரிய ரவைகள். அது வேறு கணக்கு, அங்கே குழலில் மரையே கிடையாது. போட்டிப் பயிற்சிக்கென்று உரிமம் வாங்கிய தோட்டாவைத் தோப்புக்குக் கொண்டுவருவது நிபந்தனை மீறல் என்பதையும் மருமகனிடம் சொல்லிவைத்தேன். அவனுக்கு அந்த யோசனை இருந்ததா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக, எந்தக் குண்டால் சுடப்போகிறோமோ அதே குண்டால்தான் குறி சரிபார்க்க வேண்டும். ஒரே ரைபிளில் வேறு எடை, வேறு வடிவக் குண்டு போட்டால் விழுகிற இடம் மாறும். நூறு மீட்டரில் ஒரு சாண் மாறியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். மலிவுத் தோட்டாவில் பழகிவிட்டு நல்ல தோட்டாவோடு தோப்புக்குப் போகிறவர் குறியே பார்க்காமல் போனவருக்குச் சமம். எனக்கு நடந்தது வேறு. தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஒரு தேர்தல் முடிந்து வாங்கி வந்ததும் நேராகத் தோப்புக்குப் போனேன். வண்டியில் போய் வந்ததில் முன் குறி எங்கேயோ இடிபட்டிருக்கிறது, நான் பார்க்கவில்லை. குண்டு நாலு விரல் கீழே பட்டது. தோட்டா நல்ல தோட்டாதான், விரிந்தும் இருந்தது, ஆனால் விரிந்த இடம் தப்பு. அந்தப் பன்றியை மூன்றரை மணி நேரம் தேடினோம்.

அதற்குப் பிறகு துப்பாக்கி கைக்குத் திரும்பினால் முதலில் ரேஞ்சுக்குத்தான் போகிறேன். போன முறை மருமகனும் கூட வந்தான். ஐம்பது மீட்டரில் அவனுடைய போட்டித் தாளையே ஒட்டி, சாஃப்ட் நோஸ் மூன்று சுட்டேன். மூன்றும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் விழுந்தன. போதும் என்று ரைபிளைத் துடைத்து உறையில் போட்டேன். அவன் தாளை எடுத்து வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"எட்டு, ஏழு, எட்டுங் மாமா," என்றான் கொஞ்சம் பரிதாபமாக.